வாசகர் கேள்வி - பதில்: கொம்பனித்தெருவில் இன்னும் என்ன மிச்சம்?

போன இதழில் கொழும்புக் காலிமுகத்திடலைப் பற்றி எழுதும்போது, பக்கத்திலேயே இருக்கிற கொம்பனித்தெருவின் பழைய வீதிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை இவ்வளவு கடிதங்கள். அதனால் இந்த இதழ் முழுக்கக் கொம்பனித்தெரு.

நான் கட்டிடக்கலை படிக்கிறேன். நண்பிகள் நாலைந்து பேர் சேர்ந்து கொம்பனித்தெருவை நடந்து பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது? பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா? (வாசகி, வெள்ளவத்தை)

இருக்கிறது தங்கச்சி, ஆனால் அடுத்த வருடம் பார்ப்போம் என்று தள்ளிப் போடாதீர்கள். வெள்ளவத்தையில் கரையோர ரயிலில் ஏறுங்கள், பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி தாண்டினால் கொம்பனித்தெரு. இறங்கியதும் வாசலைப் பார்த்து ஓடாமல் கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் நீங்கள் பார்க்க வேண்டிய முதல் கட்டிடமே அந்த ஸ்டேஷன்தான். 1870களில் இந்தக் கரையோரப் பாதை போட்ட காலத்து ரயில் நிலையங்களின் சாயல் அங்கே இன்னும் கலையாமல் இருக்கிறது. கிழமை நாள் என்றால் ஏழு மணிக்கே போய்விடுங்கள், ஒன்பது மணிக்குப் பிறகு அந்த ஒடுங்கிய வீதிகளில் வாகனத்துக்கு வழிவிடுவதே வேலையாகிவிடும். ஞாயிறு காலை இன்னும் நல்லது.

இடத்தின் கதையைத் தெரிந்துகொண்டு நடந்தால்தான் கண்ணுக்கு ஏதாவது தட்டுப்படும். ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை இரவில் கொழும்புக் கோட்டைக்குள் வைத்திருக்கப் பயந்து பேர வாவிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து அடைத்து வைத்தார்கள். கிழக்காபிரிக்காவில் இருந்து, ஜாவா பக்கத்துத் தீவுகளில் இருந்து, பஞ்ச காலங்களில் நம்முடைய சோழமண்டலக் கரையில் இருந்தும் வாங்கிக் கொண்டுவரப்பட்ட மனிதர்கள் அவர்கள். ஆங்கிலத்தில் இந்த இடத்துக்கு நீண்ட காலம் அடிமைத் தீவு என்று பெயர் இருந்தது அதனால்தான். பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள், மலாய்ப் படையினரைக் குடியமர்த்தினார்கள், இலங்கை ரைபிள் படைப்பிரிவு 1873இல் கலைக்கப்படும் வரை இது ஒரு படைக்குடியிருப்பு மாதிரித்தான் இருந்தது. ரைபிள் தெரு, மலாய் வீதி, ஜாவா ஒழுங்கை என்று வீதிப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் இந்த வரலாறு தானாக வரும். படைப்பிரிவு கலைக்கப்படுவதற்கு ஒரு வருடம் முன்னால், 1872இல், இங்கிருந்த மலாய்க்காரர்கள் தங்களுக்கென்று ஒரு கிரிக்கெட் கழகமே தொடங்கிவிட்டார்கள், அது இன்றும் இருக்கிறது.

கியூ வீதியைத் தவற விடாதீர்கள். இலண்டனில் உள்ள கியூ தாவரத் தோட்டத்தை மனதில் வைத்து ஆங்கிலேயர் 1810 வாக்கில் இங்கே ஒரு தோட்டம் போட்டார்கள். அதைக் கவனிக்க 1812இல் வில்லியம் கெர் என்ற தோட்டக்கலைஞரைக் கொண்டுவந்தார்கள். வாவித் தண்ணீர் ஏறி ஏறி நிலம் சரிவராததால் தோட்டம் அடுத்த வருடமே களுத்துறைக்குப் போய், பிறகு 1821இல் பேராதனைக்குப் போய்ச் சேர்ந்தது. நாம் சுற்றுலா போய்ப் பார்க்கிற பேராதனைப் பூங்காவின் தொடக்கம் இந்த வீதிதான், தோட்டம் போன பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அதே வீதியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோவில் கோபுரம் நிற்கிறது. கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கும்போது பின்னால் கண்ணாடி மாடிகள் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்பதையும் பார்ப்பீர்கள். கட்டிடக்கலை மாணவி என்பதால் சொல்கிறேன், அந்தக் கோபுரத்தின் உயரத்தையும் அதற்குப் பக்கத்தில் உள்ள பழைய வீடுகளின் உயரத்தையும் உங்கள் நோட்டில் வரைந்து பாருங்கள். கோபுரம் தெரிவதற்காகவே வீடுகள் தாழ்ந்து இருந்தது போல ஒரு அளவு அதில் இருக்கிறது. புதிதாக வருகிற எதுவும் அந்த அளவைக் கணக்கில் எடுக்கவில்லை.

வேகந்தைப் பள்ளிவாசல் 1786இல் தொடங்கியது, ஜாவாவில் இருந்து வந்த பந்தான் பாலி என்பவர் கொடுத்த நிலம். தொழுகை நேரம் இல்லாதபோது, தலையை மூடிக்கொண்டு, அங்கே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெளி முற்றம் வரை போகலாம். இந்த ஊர் மலாய்க்காரர்களில் ஒருவரான பாபா யூனுஸ் சல்தீன் 1869இல் அரபு எழுத்தில் மலாய் மொழிப் பத்திரிகை ஒன்றைக் கொழும்பில் நடத்தினார், அதன் பெயர் ஆலாமத் லங்காபுரி. இலங்கை மலாய் மொழியின் வாக்கிய அமைப்பே தமிழோடு பழகிப் பழகித் தமிழ் மாதிரி ஆகிவிட்டது என்று மொழியியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒழுங்கையில் பக்கத்துப் பக்கத்துக் கதவுகளாக வாழ்ந்தால் அப்படித்தான் ஆகும்.

பிறகு நீதியரசர் அக்பர் மாவத்தைக்கு வாருங்கள். பழைய ஆட்கள் அதைக் கிளெனி தெரு என்பார்கள். யானை மார்க் சோடா அங்கேதான் தயாரானது. இப்போது அந்த இடத்தில் 2024இல் திறந்த பெரிய ஹோட்டலும் அதோடு சேர்ந்த கசினோ வளாகமும் நிற்கின்றன. கடைசியாகப் பேர வாவிக் கரையில் சீமா மாலக்கை. 1976இல் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது, ஒரு முஸ்லிம் தம்பதி இறந்துபோன தங்கள் மகனின் நினைவாகப் பணம் கொடுத்துக் கட்டிய பௌத்த இடம். அதன் மரப்பலகைத் தரையில் உட்கார்ந்து எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள், இரண்டு கோபுரங்களில் ஒன்று மற்றதன் மேல் சாய்ந்து நிற்கிற மாதிரி ஒரு கட்டிடம் தெரியும். மோஷே சஃப்டி வடிவமைத்த ஆல்ட்டேர் அது. நல்ல கட்டிடம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதைப் பார்த்து முடித்ததும் திரும்பி நீங்கள் நடந்து வந்த தெருவையும் ஒருமுறை பாருங்கள்.

படம் எடுக்கலாமா? (அதே வாசகி)

வீதியை எடுங்கள், கட்டிடத்தை எடுங்கள். வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். பல வருடமாக அளவெடுக்க, கணக்கெடுக்க, குறி போட என்று ஆட்கள் வந்து போன வீடுகள் அவை, கமராவோடு ஒருவர் நின்றால் அடுத்த நோட்டீஸ் வரப்போகிறது என்றுதான் அங்கே முதலில் நினைப்பார்கள். நான் மாணவி, படிப்புக்காக வந்தேன் என்று முதலே சொல்லிவிடுங்கள், தேத்தண்ணீர் கொடுத்து உள்ளே கூப்பிடுவார்கள். விமானப்படை வளாகம் இருக்கிற பக்கம் கமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

அங்கே என்ன சாப்பிடலாம்? (வாசகர், வத்தளை)

பிட்டும் பாபத்தும். மாட்டு இரைப்பையை மணிக்கணக்காக அவித்து, மிளகும் பட்டையும் போட்டுக் குழம்பாக்கி, குழலில் அவித்த பிட்டு மேல் ஊற்றித் தருவார்கள். மலாய் வீட்டுச் சமையல், கொம்பனித்தெருவில் அது எல்லோருடைய சாப்பாடும் ஆகிவிட்டது. மாலையில் கிடைக்கும், மாடு சாப்பிடாதவர்களுக்கு மலாய் அச்சாறும் வட்டிலப்பமும் இருக்கின்றன.

நான் 83க்கு முன் யூனியன் பிளேஸில் வேலை பார்த்தவன். ரியோ தியேட்டரில் படம் பார்க்காத மாதம் இல்லை. அந்த இடம் என்ன ஆனது? (வாசகர், டொரன்டோ)

அண்ணை, உங்கள் கடிதத்தைப் படித்ததும் கொஞ்ச நேரம் பதில் எழுத வரவில்லை. கொம்பனித்தெருவில் ரியோ 1965இல் திறந்தது, 70 மில்லிமீற்றர் திரை, குளிரூட்டிய மண்டபம், அந்தக் காலத்துக் கொழும்பு இளைஞர்களுக்கு அது எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு தமிழ்க் குடும்பத்தின் உழைப்பு. 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், தியேட்டருக்கும் அதோடு சேர்ந்த ஹோட்டலுக்கும் தீ வைத்தார்கள். சுவரில் கரி படிந்தபடியே அது பல்லாண்டு அங்கே நின்றது. 2010களில் கொலம்போஸ்கோப் கலை விழாவை அந்தக் கட்டிடத்துக்குள் நடத்தினார்கள். இளம் பிள்ளைகள் கரி பிடித்த அறைகளுக்குள் ஏறி இறங்கி, இங்கே என்ன நடந்தது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க வைக்க அந்தச் சுவர் தேவைப்பட்டது. பாடப் புத்தகத்தில் ஒரு வரி கூட இல்லாத விஷயத்தை அந்தப் பிள்ளைகள் அங்கேதான் கண்ணால் பார்த்தார்கள். பழைய கட்டிடம் என்றால் தூணும் வளைவும் பலகணியும் மட்டும் என்று நினைக்கிறவர்களுக்கு ரியோவைத்தான் நான் காட்டுவேன். 1965இல் கட்டிய கொங்கிரீட் கட்டிடம், அழகுப் பட்டியல் எதிலும் வராது.

இலங்கையில் திரைப்படத் தொழிலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான சேர் சிற்றம்பலம் கார்டினர், 1928இல் சிலோன் தியேட்டர்ஸைத் தொடங்கியவர், அவருடைய பெயரில்தான் பக்கத்துப் பெரிய வீதி இருக்கிறது. நீங்கள் இருந்த காலத்திலேயே அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள்.

நானும் கொழும்பில் பிறந்து வளர்ந்தவன்தான். இடிந்து விழுகிற வீடுகளை இடித்து, லிப்ட் வைத்த மாடிவீடு கொடுத்தால் அந்தச் சனத்துக்கு நல்லதுதானே? ஏன் இவ்வளவு அழுகை? (வாசகர், கொட்டாஞ்சேனை)

உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பல குடும்பங்களுக்கு ஒரே கக்கூஸ், மழை பெய்தால் வீட்டுக்குள் வெள்ளம் என்று இருந்த, தோட்டம் என்று நாம் சொல்கிற நெருக்கமான குடியிருப்புகள் கொழும்பில் நிறைய. அங்கிருந்து மாடிவீட்டுக்குப் போய் நிம்மதியாக மூச்சு விட்டவர்கள் இருக்கிறார்கள், அதை மறுத்து எழுத எனக்கு உரிமை இல்லை.

ஆனால் கொம்பனித்தெருவின் கணக்கு வேறு. 1972இல் வாடகைச் சட்டம் வந்தது, 1973இல் ஒருவர் இத்தனை வீடுதான் வைத்திருக்கலாம் என்று வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் வந்தது, அப்போது வீடமைப்பு அமைச்சராக இருந்தவர் பீற்றர் கெனமன். வரிசை வரிசையாக வீடு வைத்திருந்த பெரிய முதலாளிகளின் கையில் இருந்து வீடுகள் போய், வாடகைக்கு இருந்தவர்கள் சொந்தக்காரர் ஆனார்கள். கொம்பனித்தெருவில் நிறையக் குடும்பங்களின் கையில் உறுதி, அதாவது வீட்டின் சொத்துப் பத்திரம், இருக்கிறது, மாநகர சபைக்கு வரி கட்டுகிறார்கள், தண்ணீரும் மின்சாரமும் அவர்கள் பெயரில் இருக்கின்றன, மகன் கல்யாணம் கட்டியதும் மேலே ஒரு மாடி எழுப்பி மாபிள் போட்டிருக்கிறார்கள். வெளியில் இருந்து பார்த்தால் ஒடுக்கமான ஒழுங்கை, ஆனால் உள்ளே போனால் மூன்று தலைமுறை சேர்த்த வீடு. அதைப் போய் வசதி குறைந்த குடியிருப்பு என்ற ஒரே பெட்டிக்குள் போட்டார்கள் பாருங்கள், அங்கேதான் பிழை தொடங்கியது.

2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. அந்த வருடம் மே மாதம் மியூஸ் தெருவில் படையினரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு வீடுகளை இடித்தார்கள், அவற்றில் உறுதி உள்ள வீடுகளும் இருந்தன. பிறகு கொழும்பு முழுக்கச் சுமார் 70,000 குடும்பங்களை மாடிவீடுகளுக்கு மாற்றுவது என்று திட்டம் வந்தது. தெமட்டகொடையிலும் மட்டக்குளியிலும் மாடிகள் எழும்பின. ஒவ்வொன்றும் 400, 500 சதுர அடி வீடு. அதற்கும் சும்மா இல்லை, பல குடும்பங்கள் பத்து இலட்சம் ரூபா வரை தவணையில் கட்ட வேண்டி வந்தது. சொந்த வீட்டை இழந்தவர் இன்னொரு வீட்டுக்குக் கடன்காரர் ஆனார். காலியான நிலம் வாவியோரம், காலிமுகத்திடலுக்கு நடை தூரம், அது யாருக்குப் போகிறது என்று நீங்களே போய்ப் பார்க்கலாம்.

ஜாவா ஒழுங்கைப் பக்கத்துச் சனங்கள் நீதிமன்றம் வரை போய், அதே பகுதியிலேயே வீடு தருவதாக உறுதிமொழி வாங்கினார்கள். வீடு கட்டி முடியும் வரை வாடகைப் பணம் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். சொன்ன காலத்துக்குக் கட்டி முடியவில்லை. பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் வாடகை வீட்டில் இருந்து வாடகை வீட்டுக்கு மாறினார்கள். அங்கிருந்து போன ஒரு மலாய் ஆச்சியை எனக்குத் தெரியும். வீட்டு விறாந்தையில் ஒரு மேசை போட்டு, காலையில் இடியப்பமும் சம்பலும் விற்பார், ஸ்டேஷனுக்குப் போகிற அலுவலகக்காரர்கள்தான் வாடிக்கை. இப்போது அவருக்கு மாடிவீடு கிடைத்திருக்கிறது, சுத்தமாகத்தான் இருக்கிறது, யன்னலைத் திறந்தால் காற்று வரும். ஆனால் பல மாடி ஏறி யார் இடியப்பம் வாங்க வருவார்கள்? அந்த விறாந்தை வெளியிடம் மட்டும் இல்லை, அவருடைய வருமானம். நட்டஈட்டுக் கணக்குப் போட்டபோது அந்தப் படிவத்தில் விறாந்தைக்கு ஒரு நிரல் இருக்கவில்லை.

ஆகவே கொட்டாஞ்சேனை ஐயா, என் நிலைப்பாட்டை ஒளிக்காமல் சொல்கிறேன். மாடி கட்டுவதில் எனக்குப் பிரச்சினை இல்லை. அதே இடத்தில் கட்டட்டும், உறுதிக்கு உறுதி கொடுக்கட்டும், கீழ் மாடியில் கடை போட இடம் விடட்டும், கட்டி முடித்துவிட்டு ஆட்களை மாற்றட்டும். இந்த நாலையும் செய்து காட்டினால் கொம்பனித்தெருச் சனமே முன்னால் வந்து கையெழுத்துப் போடும்.

டி சொய்சா கட்டிடத்தை ஏன் காப்பாற்ற முடியவில்லை? பழைய கட்டிடம் என்றால் சட்டம் பாதுகாக்காதா? (வாசகர், கண்டி)

சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா என்ற பெரும் செல்வந்தர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொம்பனித்தெருவில் கட்டியது. கீழே கடைகள், மேலே வீதியைப் பார்த்த பலகணிகள், மரத்தில் செதுக்கிய பூவேலைகள். 2021இல் இடிக்கத் தொடங்கினார்கள். கூரை போய், சுவரில் ஆலங்கன்று முளைத்து, ஆபத்தான கட்டிடம் என்ற காரணத்தைச் சொல்லும் நிலைக்கு அதை முதலே விட்டுவிட்டார்கள்.

நம்முடைய தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940இல் வந்தது. அது தானாகக் காப்பது 1815 மார்ச் 2ஆம் தேதிக்கு, அதாவது கண்டி ஒப்பந்த நாளுக்கு, முந்தியதை. அதற்குப் பிந்திய கட்டிடம் நூறு வருடம் கடந்திருந்தாலும் தனியாக அரசாங்க வர்த்தமானியில் அறிவித்தால்தான் காப்பு உண்டு. கொம்பனித்தெருவில் கண்ணுக்கு அழகாக இருக்கிற அநேகமான எல்லாம் 1815க்குப் பிந்தியது, அதனால் யாராவது பெயர் கொடுத்து, கோப்பு நகர்ந்து, அமைச்சர் கையெழுத்து வைக்கும் வரை அது வெறும் பழைய கட்டிடம்தான். கோட்டையில் ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியை 2011இல் அருமையாகத் திருத்திக் கடைகளும் உணவகங்களும் திறந்தார்கள். முடியாது என்று இல்லை. அங்கே குடியிருந்து எழுப்ப வேண்டிய குடும்பம் எதுவும் இருக்கவில்லை, வேலை சுலபம். ஆட்கள் வாழ்கிற பழைய வீதியைத் திருத்துவதுதான் கஷ்டமான வேலை, அதை இதுவரை எடுத்துச் செய்ய ஒருவரும் முன்வரவில்லை.

எங்கள் ஒழுங்கையில் இரண்டாம் பிரிவு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். வீடு அப்பாவின் பெயரில், அப்பா இல்லை. என்ன செய்வது? (பெயர் வேண்டாம், கொம்பனித்தெரு)

முதலில் பதறாதீர்கள். காணி சுவீகரிப்புச் சட்டம் 1950ஆம் ஆண்டுச் சட்டம், அதில் இரண்டாம் பிரிவு அறிவித்தல் என்றால் இந்தப் பகுதியில் பொதுத் தேவைக்குக் காணி வேண்டியிருக்கிறது, அளந்து பார்க்க ஆட்கள் வருவார்கள் என்பது மட்டும்தான். வீடு போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. அடுத்து நாலாம் பிரிவு அறிவித்தல் வரும், ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்க அப்போதுதான் நேரம், அதில் போட்டிருக்கிற கடைசித் தேதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். ஐந்தாம் பிரிவுப் பிரகடனம் வர்த்தமானியில் வந்துவிட்டால் பிறகு ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்க முடியாது, எவ்வளவு தருகிறீர்கள் என்றுதான் கேட்கலாம். ஏழாம் பிரிவில் உரிமை கோரச் சொல்லி அழைப்பார்கள். இடையில் 38(அ) என்று ஒரு பிரிவு இருக்கிறது, அவசரம் என்று சொல்லி இந்தப் படிகள் முடியும் முன்பே காணியைக் கையேற்க அது இடம் கொடுக்கிறது. அந்தக் கடிதம் வந்தால் அன்றைக்கே சட்டத்தரணியைப் பாருங்கள். அடிப்படை உரிமை மனு என்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம்.

அப்பாவின் பெயரில் உறுதி இருப்பது பலம், ஆனால் அவர் இல்லாததால் இப்போதே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். மரணச் சான்றிதழ், அம்மாவின் கல்யாணப் பதிவு, உங்கள் சகோதரங்களின் பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் எடுத்து, யார் யாருக்கு என்ன பங்கு என்பதை உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் காட்டிச் சரிசெய்யுங்கள். வெளிநாட்டில் ஒரு தம்பியோ அக்காவோ இருந்தால் அவர்களிடம் அற்றோர்ணித் தத்துவம், அதாவது அவர்கள் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கிற பத்திரம், வாங்கி வையுங்கள், விசாரணை நாளில் அது இல்லாததால்தான் அநேகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மாநகர சபை வரிப் பற்றுச்சீட்டு, பழைய மின்சாரச் சிட்டை, வாக்காளர் இடாப்பில் பெயர் வந்த வருடங்கள், எல்லாம் ஒரு கோப்பில் போட்டு, ஒரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். வீட்டை அறை அறையாகப் படம் எடுங்கள், மாபிள், யன்னல், தண்ணீர் தாங்கி, வாசலில் கடை இருந்தால் கடையும், வியாபாரப் பதிவு இருந்தால் அதுவும்.

எந்தத் திட்டத்துக்காக எடுக்கிறார்கள், வரைபடம் எங்கே என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் சொல்ல வேண்டும். ஒழுங்கையில் எல்லோரும் தனித்தனியாகக் கேளுங்கள், ஆனால் ஆட்சேபணையைச் சேர்ந்து கொடுங்கள். சட்டத்தரணிக்குப் பணம் இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். வீட்டுக்கு வந்து வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால், சிங்களத்தில் மட்டும் எழுதிய படிவத்தை நீட்டினால், தமிழில் தாருங்கள், படித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, கோபப்படாமல் கேட்டாலே போதும். நாலாம் பிரிவு அறிவித்தல் வந்ததும் எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.